ஒயரை மறைங்க, ப்ளக்கை மறைக்காதீங்க

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை காலைல கே.கே. நகர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, ரெண்டு நாளா வீட்டுக்குள்ள மீன் நாத்தம் அடிக்குது, நாங்க இந்த மாசம் பூரா கவுச்சியே தொடமாட்டோம், பக்கத்து வீட்டுல போய் கேட்டு மனஸ்தாபமே ஆயிடுச்சு, கடைசில மோப்பம் புடிச்சுப் பாத்தா பையன் ரூம்ல இருந்துதான் வருது"ன்னாங்க. நான் வேற எதுவும் கேக்கல. மொதல்ல அந்த ரூம் எம்சிபியை, அதான் கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழுற சுவிட்ச், அதை இறக்குங்க, நான் வர்ற வரைக்கும் ஏத்தாதீங்கன்னேன். எங்க எலெக்ட்ரீஷியன் தொழில்ல மீன் நாத்தம்னா மீன் இல்ல. ப்ளக், சாக்கெட்ல எல்லாம் வர்ற சில ப்ளாஸ்டிக் ஓவரா சூடானா அப்படித்தான் நாறும், இது தெரியாம எத்தனை பேர் எலி செத்திருக்கும்னு அலமாரிய நகத்தி நகத்தித் தேடியிருக்காங்க தெரியுமா.

போய்ப் பாத்தா, சும்மா சொல்லக்கூடாது, அருமையான செட்டப். வெள்ளை டேபிள், மானிட்டர் ஆர்ம்ல நிக்குது, பின்னாடி மரப்பட்டை மாதிரி பேனல், ஒரு ஒயர் கண்ணுல படல. எல்லாம் எங்கன்னு கேட்டா அந்த அம்மாவோட பையன், அந்த தம்பி, பெருமையா டேபிளுக்கு அடியில காமிக்குறார், மூடி போட்ட ப்ளாஸ்டிக் டப்பா, கேபிள் பாக்ஸ்னு ஆன்லைன்ல விக்குறாங்களே அது. மூடிய தொறந்தேன். மூடியோட உள்பக்கம் அப்பளம் மாதிரி உப்பியிருக்கு. உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுலயே இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மிச்ச ஒயரை சுருட்டி டேக் போட்டு இறுக்கி வெச்சிருக்கு, அது மேல ரெண்டு அடாப்டர் ஒன்னு மேல ஒன்னு. இது போதாதுன்னு ஒரு டீ கெட்டில் ப்ளக். அந்த சாக்கெட் மட்டும் கருகுன தோசை கலர்ல இருக்கு, ப்ளக்கை இழுத்தா வரல, உருகி ஒட்டிக்கிச்சு.

அப்ப அந்த தம்பி கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. "அண்ணா, எம்சிபி ட்ரிப் ஆகலையே, அப்ப ஓவர்லோடு இல்லதானே?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. இந்த வருஷத்துல இதே மாதிரி நாலாவது வீடு, நாலு வீட்டுலயும் இதே கேள்வி, எல்லாரும் நல்லா படிச்சவங்க.

எம்சிபி எதைக் காப்பாத்த வெச்சிருக்குன்னு மொதல்ல புரிஞ்சுக்கங்க. செவுத்துக்குள்ள பைப்ல போற ஒயரைக் காப்பாத்த வெச்சிருக்கு. உங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இல்ல, உங்க கெட்டிலை இல்ல. அந்த ரூமுக்கு 16 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டிருக்கு. அதுல 18 ஆம்ப்ஸ் ஓடினாக்கூட அது பேசாமத்தான் இருக்கும், விதியே அப்படித்தான், ரேட்டிங்ல 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் ட்ரிப் ஆகக்கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்ப்ஸ் சொச்சம் போனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா விழணும். கவனிங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள. கடைல விக்குற நிறைய எக்ஸ்டென்ஷன்ல இருக்குறது முக்கால் ஸ்கொயர் ஒயர், அதாவது உள்ள இருக்குற கம்பியோட கனம் முக்கால் சதுர மில்லிமீட்டர், அது தாங்குறதே ஆறேழு ஆம்ப்ஸ். அப்ப எம்சிபி கண்ணுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும், இங்க ஒயர் வெந்துக்கிட்டு இருக்கும்.

சரி, அது ஓவர்லோடு கதை. இதைவிட மோசம் லூஸ் காண்டாக்ட், இதை யாரும் நம்பவே மாட்டேங்குறாங்க. லூஸ் காண்டாக்ட்ல கரண்ட் அதிகமாகாது சார். ஆகவே ஆகாது. தடை கூடுதுன்னா கரண்ட் ஒரு துளி குறையத்தான் செய்யும், அப்புறம் எம்சிபி எதைப் பாத்து விழும்? கணக்கு போட்டுக் காட்டுறேன், அந்த தம்பிக்கும் பேப்பர்ல எழுதித்தான் காட்டினேன். கெட்டில் 1500 வாட்ஸ், 230 வோல்ட்ல ஆறரை ஆம்ப்ஸ். சாக்கெட்டுக்குள்ள பித்தளைப் பட்டை கொஞ்சம் விரிஞ்சு போயி அரை ஓம் தடை வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க. ஆறரையை ஆறரையால பெருக்கி அரையால பெருக்குங்க, 21 வாட்ஸ். 21 வாட்ஸ்தானே, ஒரு எல்இடி பல்பு அளவுதானேன்னு தோணும். எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைல ஈயம் உருக்குற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதை ஆன் பண்ணி, ப்ளாஸ்டிக் டப்பாக்குள்ள போட்டு, மூடியும் போட்டு, டேபிளுக்கு அடியில வெச்சுட்டு ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்திருக்கீங்க, அதுதான் நடந்திருக்கு. எம்சிபி பாட்டுக்கு ஆறரை ஆம்ப்ஸ்தானே போகுதுன்னு சும்மா இருக்கும்.

ஆர்சிசிபி இருக்குண்ணான்னு அடுத்த கேள்வி வரும். வரட்டும். அது போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வருதான்னு பாக்குற சாமான், 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வந்தா விழும். ஷாக் அடிச்சா கரண்ட்டை வெட்டி ஆளைக் காப்பாத்தும், கண்டிப்பா போடுங்க. ஆனா லூஸ் காண்டாக்ட்ல கரண்ட் எங்கயும் லீக் ஆகல, போனது அப்படியே திரும்பி வருது, அதுவும் விழாது. ஸ்பைக் பஸ்டரும் அதே கதைதான், மேல இருந்து வர்ற வோல்டேஜ் துள்ளலை வாங்கிக்கறதுக்கு அது, சாக்கெட் சூடாகுறதைப் பத்தி அதுக்கு ஒன்னும் தெரியாது. ஆக லூஸ் காண்டாக்ட்டை கண்டுபுடிக்கிற கருவி சாதாரண வீட்ல மூணே மூணுதான் இருக்கு, உங்க கண்ணு, மூக்கு, கை. அந்த மூணுக்கும் எட்டாத இடத்துல ப்ளக்கைக் கொண்டுபோய் ஒளிச்சு வெக்கிறீங்க, அதுதான் என் கோவம். ஒயரை மறைக்கிறதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. என் வீட்லயே மறைச்சுத்தான் வெச்சிருக்கேன்.

அந்த கெட்டில் ப்ளக்ல இன்னொரு விஷயம் இருந்துச்சு. கெட்டிலோட வந்தது பெரிய பின், பவர் ப்ளக். எக்ஸ்டென்ஷன்ல சின்ன ஓட்டை. நடுவுல ஒரு கன்வெர்டர் வாங்கி சொருகியிருக்கார். கம்பெனிக்காரன் பெரிய பின் குடுத்ததே இதை சின்ன பாயிண்ட்ல போடாதேன்னு சொல்றதுக்குத்தான், அதை அம்பது ரூபாய் சாமான் ஒன்னு ஏமாத்திடுது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹேர் ட்ரையர், லேசர் பிரிண்டர், இது எதுவும் எக்ஸ்டென்ஷனுக்கு வரவே கூடாது, செவுத்துல இருக்குற பாயிண்ட்டுக்கு நேரா போகணும். லேசர் பிரிண்டரை நிறைய பேர் சாதுன்னு நினைக்கிறாங்க, அது சும்மா இருக்கும்போது சாதுதான், பிரிண்ட் குடுத்த உடனே உள்ள இருக்குற ஹீட்டர் இழுக்குற இழுப்புல சில வீட்ல லைட்டே மினுக்கும். லேப்டாப், மானிட்டர், ரவுட்டர், டேபிள் லைட் எல்லாம் சேத்தாலும் ஒரு ஆம்ப்ஸ் பக்கம்தான், அதுங்களை ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன்ல தாராளமா போடுங்க, பயமே வேணாம்.

சுருட்டி வெக்கிற ஒயரைப் பத்தி. வீடியோல ஒருத்தர் சொல்றார், ஒயரை சுருட்டினா காந்தம் மாதிரி ஆகி சூடாகும்னு. ஆகாதுங்க. ஒரே ஒயருக்குள்ள ஃபேஸ்ல போறதும் நியூட்ரல்ல வர்றதும் எதிரும் புதிருமா இருக்குறதால ரெண்டோட காந்தமும் ஒன்னை ஒன்னு அடிச்சு இல்லாம ஆக்கிடும். சுருட்டினா சூடாகுறதுக்குக் காரணம் ரொம்ப சாதாரணம், சூடு வெளிய போக வழியில்ல, நடுவுல இருக்குற சுத்து நாலு பக்கமும் அடைபட்டுக் கிடக்கு. பெரிய கேபிள் ரீல் வாங்கினா அதுலயே வாட்ஸ் கணக்கு ரெண்டு விதமா போட்டிருப்பான், முழுசா பிரிச்சா இவ்வளவு, சுருட்டியே வெச்சா அதுல பாதிக்கும் கீழன்னு. படிச்சுப் பாருங்க. அஞ்சு மீட்டர் ஒயர் வாங்கி நாலு மீட்டரை சுருட்டுறதுக்கு ஒன்றரை மீட்டர் வாங்கிட்டுப் போலாமே.

இப்ப என்னை ராத்திரி தூங்கவிடாத விஷயம். கார்ப்பெண்டர் டேபிள்ல ஓட்டை போடுவார், சின்னதா போட்டுடுவார். த்ரீ பின் டாப், அதாவது ப்ளக், உள்ள நுழையாது. உடனே என்ன பண்றாங்கன்னா ப்ளக்கை வெட்டி, ஒயரை உள்ள விட்டு, அந்தப் பக்கம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்திடுறாங்க. அப்புறம் அது மேல பேனல் அடிச்சு மூடிடுறாங்க. சென்னை வெயில்ல அந்த டேப்போட பிசின் ஒரு கோடைக்கு மேல நிக்காது, இளகி, டேப் தானா பிரிஞ்சு தொங்கும். நான் பிரிச்ச ஒரு பேனலுக்குப் பின்னாடி அந்த முறுக்குன இடம் ப்ளைவுட் மேல சாஞ்சு இருந்துச்சு, ப்ளைவுட்ல ஒரு ரூபா காசு அளவுக்குக் கருப்பு வட்டம். அவ்வளவுதான், அதுக்கு மேல போகல, அந்த வீட்டுக்காரங்க செஞ்ச புண்ணியம். ஓட்டையைப் பெருசா போடச் சொல்லுங்கப்பா, 60 மில்லிமீட்டர் போட்டு ப்ளாஸ்டிக் மூடி போட்டா பாக்கவும் அழகா இருக்கு, ப்ளக்கும் போகும். அதுவும் முடியலையா, புதுசா ஒரு டாப் வாங்கி ஸ்க்ரூ போட்டு மாட்டச் சொல்லுங்க. முறுக்கி டேப் அடிக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம்.

எப்படித்தான் மறைக்கிறதுன்னு கேக்குறவங்களுக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை டப்பாக்குள்ள போடாம டேபிளோட அடிப்பலகைல பின்னால ஓரமா ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க, உக்காந்து பாக்குறவங்களுக்குத் தெரியாது, குனிஞ்சா தெரியும், காத்தும் போகும். தரைல போடாதீங்க, வீடு தொடைக்கிற தண்ணி நேரா அதுக்குள்ளதான் போகும், பல்லியும் அங்கதான் குடியிருக்கும். சாக்கெட் மேல் பாத்து இருந்தா தூசி எறங்கும், சைடு பாத்து மாட்டுங்க. அடாப்டரை ஒன்னு மேல ஒன்னு அடுக்காம கம்பி ட்ரேல தனித்தனியா படுக்கப் போடுங்க, ட்ரே தகரமா இருந்தா வெட்டுன ஓரத்துல ரப்பர் பீடிங் ஒட்டணும், இல்லன்னா ஒயர் தோலை அது சீவிடும். செவுத்துல இறங்குற ஒயருக்கு பிவிசி சேனல் போதும். கட்டுறதுக்கு ப்ளாஸ்டிக் டேக் வேணாம், அதை இறுக்குறதும் கத்தி வெச்சு வெட்டுறதும் ரெண்டுமே ஒயருக்கு ஆகாது, வெல்க்ரோ பட்டை வாங்குங்க. ஏத்தி இறக்குற டேபிள்னா உசரமா ஏத்தி வெச்சுட்டு அப்புறம் ஒயரைக் கட்டுங்க, இறக்கி வெச்சுக் கட்டிட்டு ஏத்தினா ஏதோ ஒரு ப்ளக் பாதி புடுங்கிக்கிட்டு நிக்கும், பாதி புடுங்கின ப்ளக்கும் லூஸ் காண்டாக்ட்தான்.

ஃபைபர் ஒயரை மட்டும் தனியா விட்டுடுங்க, மெல்லிசா மஞ்சளாவோ வெள்ளையாவோ வரும். அதையும் மத்ததோட சேத்து இறுக்கிக் கட்டிட்டு, ரவுட்டர்ல சிவப்பு லைட் எரியுதுன்னு கேபிள்காரரைத் திட்டுறாங்க. உள்ள இருக்குறது கண்ணாடிங்க. டீ டம்ளர் வாயைவிடச் சின்னதா வளைக்காதீங்க, அவ்வளவுதான்.

லேப்டாப் மேல கை வெச்சா சுர்ருனு லேசா இழுக்குதுன்னா எர்த் வரலைன்னு அர்த்தமா இருக்கலாம். த்ரீ பின் ப்ளக்கை டூ பின் கன்வெர்டர்ல போட்டிருக்கீங்களான்னு பாருங்க, இல்லன்னா பாயிண்ட்லயே எர்த் இருக்கான்னு ஆளை விட்டு செக் பண்ணுங்க, இரும்புக் கால் டேபிளா இருந்தா இதை நாளைக்குன்னு தள்ளாதீங்க.

அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஓடின பிறகு, குனிஞ்சு ஒவ்வொரு ப்ளக்கையும் புறங்கையால தொட்டுப் பாருங்க. தயவு செஞ்சு. அடாப்டர் வெதுவெதுன்னு இருக்கும், அது சரி. ஆனா ப்ளக்கும் சாக்கெட்டும் சூடாகவே கூடாது. சூடா இருந்தா, நிறம் மாறியிருந்தா, ப்ளக் சொருகும்போது லொடலொடன்னு போனா, அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போடுங்க, முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கணக்கு பாக்காதீங்க. வீட்டு இன்டீரியர் வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னா இன்னும் நல்லது, டேபிள் வர்ற இடத்துல டேபிளுக்கு மேல தெரியுற மாதிரி ஆறு பாயிண்ட் வெச்சு, ரெண்டரை ஸ்கொயர்ல தனி லைன் இழுக்கச் சொல்லிட்டா எக்ஸ்டென்ஷனே தேவைப்படாது. பேனல் அடிச்ச பிறகு எங்களைக் கூப்புடுறதுதான் வழக்கமா நடக்குது.

அந்த தம்பிக்கு டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒரு எக்ஸ்டென்ஷன் டேபிளுக்கு அடியில மாட்டிக் குடுத்தேன். வீடியோ கால்ல தெரியுமான்னு நாலு தடவை கேமராவை ஆன் பண்ணிப் பாத்துக்கிட்டார், தெரியல. கெட்டில் கிச்சனுக்குப் போயிடுச்சு. கிளம்புறப்ப அந்த அம்மா காபியைக் குடுத்துட்டு, "அப்படியே ஹால்ல டீவிக்குப் பின்னாடியும் ஒரு தடவை பாத்துடு தம்பி, அதுவும் இவன் பண்ணினதுதான்"ன்னாங்க. பேனலுக்கும் செவுத்துக்கும் நடுவுல கையை விட்டேன். மொதல்ல தட்டுப்பட்டது அதே மாதிரி ஒரு டப்பா, மூடி வெதுவெதுன்னு இருந்துச்சு.