கெட்டிமேளம் கொட்டும்போது திரை உறையக் கூடாது

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரைப் பக்கம் ஒரு கல்யாணம். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் லைவ் எங்களுடையது. மேடையில் கிம்பலில் (ஆட்டத்தை அடக்கும் கைப்பிடி) ஒரு கேமரா, அதன் தலையில் படத்தை ஒயர் இல்லாமல் அனுப்பும் ஒயர்லெஸ் ட்ரான்ஸ்மிட்டர். மண்டபத்தின் பின்கோடியில், எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றிக் கொடுக்கும் ஸ்விட்சர் மேஜை, அதன் மேல் படத்தை வாங்கும் ரிசீவர். இடைவெளி எழுபது அடி இருக்கும். முதல் நாள் மதியம் காலி மண்டபத்தில் போட்டுப் பார்த்தோம். சிக்னல் முழுசாக நின்றது. சாயங்காலம் ரிசப்ஷனும் தடங்கல் இல்லாமல் போனது.

மறுநாள் காலை ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் அட்சதையோடு எழுந்தது. பாதிப் பேர் மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். எல்இடி திரையில் மாப்பிள்ளையின் கை மஞ்சள் கயிற்றோடு பாதி வழியில் நின்றுவிட்டது. படம் திரும்பி வந்தபோது நாத்தனார் மூன்றாவது முடிச்சையும் போட்டு முடித்திருந்தார்.

கேமரா கார்டில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆனால் முழங்கால் வலியால் மேடைக்கு வர முடியாத பெண்ணின் பாட்டி, திரைக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லீவு கிடைக்காத அண்ணன் வெளிநாட்டில் போனைப் பிடித்தபடி இருந்தார். தாலி கட்டியதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டு, "கட்டியாச்சாப்பா?" என்று பாட்டி கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும், லைவ் வேண்டும் என்று கேட்கும் கல்யாண வீட்டாரும் படிக்க வேண்டும்.

அன்று பெட்டி கெட்டுப்போகவில்லை. காலி மண்டபத்தில் பார்த்த சோதனைதான் எங்களை ஏமாற்றியது.

கல்யாண வேலைக்கு நாம் வாங்கும் ட்ரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் ஓடுகின்றன. அந்த அலையின் நீளம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலையை அது நன்றாகவே விழுங்கும். ஐந்நூறு பேர் எழுந்து நிற்பது, மேடைக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு தண்ணீர்ச் சுவர் எழுவதற்குச் சமம். பெட்டியின் மேல் 120 மீட்டர், 150 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளியில், குறுக்கே எதுவும் இல்லாதபோது கிடைக்கும் தூரம். முகூர்த்த நேரத்து மண்டபத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கேமரா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அலை கட்டிய கயிறு மாதிரி ஒற்றைக் கோட்டில் போவதில்லை. இரண்டு முனையிலும் ஒடுங்கி, நடுவில் வெள்ளரிக்காய் மாதிரிப் பருத்துப் போகிறது. எழுபது அடித் தூரத்துக்கு, நடுவழியில் கோட்டைச் சுற்றிலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி காலியாக இருக்க வேண்டும். மேடை மூன்று அடி, கேமராமேன் பிடிக்கும் உயரம் ஐந்து அடி, ஆக எட்டு அடி. ரிசீவர் பத்து அடியில் இருந்தால் நடுவழியில் கோடு ஒன்பது அடியில் போகும். கீழே ஒன்றே முக்கால் அடியைக் கழித்தால் ஏழேகால். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் ஆளின் கை ஏழு அடிக்கு வந்துவிடும். கணக்கு அவ்வளவு நெருக்கம். அன்று எங்கள் ரிசீவர் இருந்தது மேஜை மேல், இரண்டரை அடியில்.

அன்றிலிருந்து ரிசீவரை மேஜையில் வைப்பதே இல்லை. லைட் ஸ்டாண்டில் கட்டி, பத்துப் பதினோரு அடிக்கு ஏற்றி, ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை போட்டு, அங்கிருந்து எஸ்டிஐ ஒயரை (தொழில்முறை வீடியோ ஒயர்) மேஜைக்கு இறக்குகிறோம். வீட்டு டிவியில் மாட்டும் சாதாரண ஹெச்டிஎம்ஐ ஒயர் பத்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. நல்ல எஸ்டிஐ ஒயர் அதைப் போல் பல மடங்கு தூரம் படத்தைச் சிந்தாமல் கொண்டுவரும். இன்னொன்று: ரிசீவரை எல்இடி திரைக்குப் பின்னால் மறைத்து வைப்பது. பார்க்க அழகாக இருக்கும் என்று டெக்கரேஷன்காரர்கள் கேட்பார்கள். திரையின் பின்புறம் முழுக்க இரும்புச் சட்டமும் உலோகப் பெட்டியும்தான். இணங்கிவிடாதீர்கள்.

கேமரா பக்கத்திலும் ஒரு சுவர் உண்டு. அது கேமராமேனின் முதுகு. மேடையில் மணமக்களைப் பார்த்து நின்றால் அவர் உடம்பே ட்ரான்ஸ்மிட்டரை மறைக்கும். முடிந்தவரை பெட்டியைக் கேமராவுக்கு மேலே, தலையைத் தாண்டித் தெரியும்படி மாட்டுங்கள். இல்லையென்றால் நீள ஒயர் கொடுத்து, பெல்ட்டில் முதுகுப் பக்கம் கட்டுங்கள். ஆன்டெனாவின் நுனியை ரிசீவரை நோக்கிக் குறிபார்க்கிற பழக்கமும் தப்பு. அந்தக் குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் வீசும். நுனி காட்டும் திசையில் சிக்னல் மிகக் குறைவு. இரண்டு பக்கமும் ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆன்டெனா மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது. வெளியே போக வழியில்லாத பவர் திரும்பி வந்து உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரைச் சுடும்.

அடுத்து சேனல், அதாவது பட்டைக்குள் பிரித்த ஒவ்வொரு துண்டு. மண்டபத்து வைஃபை, எதிரணி போட்டோகிராபரின் ட்ரான்ஸ்மிட்டர், ஹெலிகேம் (டிரோன்), விருந்தாளிகளின் ஹாட்ஸ்பாட் எல்லாம் அதே பட்டையில்தான். காலையில் போனதும் ஸ்கேன் போட்டுக் காலியான சேனலைப் பிடிப்போம். கூட்டம் சேர்ந்த பிறகு இன்னொரு தடவை போட வேண்டும். ஹெலிகேம் தம்பியிடம் முன்னாடியே பேசி, நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை. 5250 முதல் 5350 வரையும், 5470 முதல் 5725 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதி ரேடாருடன் பங்கு போட்டுக்கொள்வது. விதியை மதிக்கும் கருவி ரேடார் தட்டுப்பட்டதும் அந்த இடத்தைக் காலி செய்யும். லைவ் நடுவில் அப்படி நடந்தால் படம் அறுந்துபோகும். அதனால் நான் எப்போதும் 5725க்கு மேலே உள்ள சேனல்களைத்தான் முதலில் தேடுவேன்.

இந்தப் பட்டைகளை நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல், குறிப்பிட்ட பவர் வரம்புக்குள் பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபரில் விதி வந்தது. லைசென்ஸ் வேண்டாம் என்பதன் மறுபக்கம், யாராவது குறுக்கே வந்தால் புகார் சொல்லவும் இடமில்லை என்பது. வாங்கும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ என்ற கருவி ஒப்புதல் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். விலை குறைவு என்று பில் இல்லாமல் பையில் வந்து இறங்கும் பெட்டிகளில் பவர் அளவும் சேனலும் வேறு நாட்டுக் கணக்கில் இருக்கலாம்.

இனி சத்தம். படம் ஒரு நொடி உறைந்தால்கூடச் சனம் பொறுத்துக்கொள்ளும். மந்திரமும் நாதஸ்வரமும் கரகரத்தால் யாரும் லைவில் இருக்க மாட்டார்கள்.

மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து வரும் லைன் சத்தத்தை அப்படியே கேமராவின் மைக் ஓட்டையில் சொருகினால் உடைந்துதான் வரும். மைக்கைவிட அது பல நூறு மடங்கு வலுவானது. ஸ்விட்சர் பக்கத்திலேயே லைன் இன்புட்டில் வாங்குங்கள். நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால், ஜெனரேட்டரில் ஓடும் மைக் செட்டும் மண்டப கரண்டில் ஓடும் நம் மேஜையும் சேரும்போது எழும் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போய்விடும்.

அப்படி நேராக வாங்கும் சத்தம் படத்தை முந்திக்கொண்டு வரும். நடுத்தர விலை ட்ரான்ஸ்மிட்டர் படத்தைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் 60, 70 மில்லி செகண்ட் ஆகிவிடும். ஸ்விட்சர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல்படி, சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே மனிதன் கண்டுபிடித்துவிடுகிறான். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. தூரத்தில் வண்ணான் துணி அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். வாழ்நாள் முழுக்க அப்படிப் பழகிய காது, சத்தம் முந்தினால் ஒத்துக்கொள்ளாது. மேடையில் ஒருவரைக் கை தட்டச் சொல்லி, ரெக்கார்ட் செய்து பார்த்து, இரண்டும் சேரும்வரை ஸ்விட்சரில் ஆடியோ டிலேயை, அதாவது சத்தத்தின் தாமதத்தை, ஏற்றுங்கள். இரண்டு கேமராவுக்கு இரண்டு கம்பெனிப் பெட்டி போட்டால் இரண்டும் வேறு வேறு அளவில் பிந்தும். ஒரே மாடலாக வாங்குவது இதற்காகத்தான்.

காலர் மைக்குகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ். அதன் ரிசீவரை லேப்டாப்பின் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த ஒயரே 2.4 பட்டையில் இரைச்சல் கிளப்பும். பழைய யூஹெச்எஃப் அலைவரிசை மைக் வைத்திருப்பவர்கள் பின்பக்கம் என்ன அலைவரிசை என்று பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2022 ஏலத்தில் செல்போனுக்குப் போய், இப்போது அதில் 5ஜி ஓடுகிறது.

காலர் மைக்கில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மாப்பிள்ளை சட்டையில் மாட்டிய மைக், நாம் கழற்றும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். சடங்குக்கு நடுவே பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் பேசுவது, சீர் பற்றி மாமா காதில் சொல்வது, உடை மாற்றும் அறையில் பேசுவது எல்லாம் லைவில் போய்விடக்கூடும். ஒரு தடவை போனால் திருப்பி வாங்க முடியாது. அதனால் எங்கள் குழுவில் காலர் மைக்குக்கென்று ஒரு ஆள். ஹெட்போனைக் கழற்றவே கூடாது. மந்திரம் நின்றதும் அவர் மியூட்டில் போட வேண்டும். மைக் மாட்டும்போதே, "இது எப்போதும் கேட்கும், ஸ்விட்ச் இங்கே இருக்கு" என்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் காட்டிவிடுகிறோம். சில ட்ரான்ஸ்மிட்டர்கள் வைஃபை வழியாகப் போனிலும் படம் காட்டும். அதற்குக் கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், மேக்கப் அறையில் எடுப்பதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்கலாம். நம்மை நம்பி வீட்டுக்குள் விடுகிறார்கள். இதில் அலட்சியமாக இருப்பவர்களுடன் நான் வேலை செய்வதில்லை.

பேட்டரியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எட்டு வாட் இழுக்கும் ட்ரான்ஸ்மிட்டருக்கு என்பி-எஃப் வரிசையின் 570 பேட்டரி இரண்டு மணி நேரம்கூட முழுசாக நிற்காது. அதே வரிசையின் பெரிய 970 என்றால் ஐந்து, ஐந்தரை மணி. நல்ல நேரம் எப்போது என்று பார்த்து, அதற்கு அரை மணி முன்பு மீதி எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுவோம். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜில் போடவே வேண்டாம். ட்ரான்ஸ்மிட்டருக்குக் கேமரா பேட்டரியிலிருந்தே பவர் எடுத்து எஸ்டிஐயும் கொடுப்பவர்கள் கவனிக்க: மாட்டும்போது முதலில் பவர், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ. இதை மாற்றிச் செய்து கேமராவின் எஸ்டிஐ போர்டு போன கதை எங்கள் ஊரிலேயே இரண்டு உண்டு.

இவ்வளவு செய்தாலும் ஒயர்லெஸ் ஒயர்லெஸ்தான். ரிசப்ஷன், ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு, பந்தி என ஓடி ஓடி எடுக்கும் இடத்துக்கெல்லாம் அதைப் போல வசதி இல்லை. தாலி கட்டுவது ஒரே ஒரு தடவை. இப்போது மணவறைக்கு நேரே ஸ்டாண்டில் ஒரு கேமரா நிரந்தரமாக நிற்கும். அதிலிருந்து ஸ்விட்சர்வரை எஸ்டிஐ ஒயர், நடைபாதையில் மேட் போட்டு டேப் ஒட்டி, முதல் நாளே இழுத்திருப்போம். ஐயர் மாங்கல்யத் தட்டைச் சுற்றி அனுப்பச் சொன்னதும் ஸ்விட்சர் ஆபரேட்டரின் விரல் அந்தக் கேமராவின் பட்டன் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

கல்யாண வீட்டாரிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். மண்டபம் பார்க்கப் போகும்போது எங்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டெக்கரேஷன் வரைபடத்தில் அந்த ஸ்டாண்ட் கேமராவுக்கு நாலுக்கு நாலடி இடம் ஒதுக்குங்கள். மேடைக்கு வர முடியாத பெரியவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் நாற்காலிக்கு நேரே தனியாக ஒரு டிவி வைத்து, அதற்கும் ஒயரிலேயே படம் கொடுக்கிறோம்.