ஆப் பச்சை காட்டினால் ட்ரோன் நலம் என்று அர்த்தமில்லை

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் பறந்துச்சு. கிளப்புறப்ப கூட ஆப்ல எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு.”

பழுதுபார்க்க வரும் ட்ரோன்களோடு இந்த வசனமும் தவறாமல் கூடவே வருகிறது. இந்த வாரமும் வந்தது. உடைந்த ப்ரொப்பெல்லரில் இதழ் நடுவோடு சேரும் வேர்ப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் பாதி முகம் அழுக்கேறிக் கருத்திருக்கிறது, மீதிப் பாதி புதிதாய் வெளுத்திருக்கிறது. கருத்த பாதி என்றைக்கோ விழுந்த விரிசல். அதை வைத்துக்கொண்டே பல தடவை பறந்திருக்கிறார்கள். அன்றைக்கு மிச்சமும் போனது, அவ்வளவுதான்.

அந்தப் பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். சென்சார்கள் பதில் சொல்கின்றனவா, காம்பஸ் அளவு வரம்புக்குள் இருக்கிறதா, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் போதுமா, பேட்டரி வோல்ட்டேஜ் சரியா, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. பேசுகிறதா: இவ்வளவுதான் அதற்குத் தெரியும். ப்ரொப்பில் விரிசலா, மோட்டார் ஸ்க்ரூ அரைச்சுற்று தளர்ந்திருக்கிறதா, மோட்டாரைத் தாங்கும் கையின் அடிப்பக்கத்தில் முடியளவு கீறல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. அந்த வேலைக்கு ட்ரோனில் எந்த சென்சாரும் இல்லை. அது உங்கள் வேலை.

இதைவிட மோசமான விஷயம், ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கண்ட்ரோலர் குறையை மறைத்தும் விடும். ஒரு ப்ரொப் சிதைந்து தூக்குவிசை குறைந்தால், அந்த மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றவிட்டு அது சமன் செய்துகொள்ளும். ஒரு மோட்டார் லேசாகச் சாய்ந்திருந்தால் ட்ரோன் தானாகத் திரும்பப் பார்க்கும். அதை ஈடுகட்ட கண்ட்ரோலர் ஒரு மூலைவிட்ட மோட்டார் ஜோடியை வேகமாகவும் மற்ற ஜோடியை மெதுவாகவும் ஓட்டும். கீழே நிற்கும் உங்கள் கண்ணுக்கு ஆணியடித்த மாதிரி நிற்கிறது. ஒரு காற்று அடிக்கும்போதோ, வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தும்போதோ அந்த மோட்டாரிடம் கண்ட்ரோலர் இன்னும் கொஞ்சம் கேட்கும். கொடுக்க அதனிடம் மிச்சம் இருக்காது. ஆறு, எட்டு மோட்டார் வைத்தவை சில சமயம் தப்பித்து இறங்கும். நான்கு மோட்டார் வண்டியில் ஒன்று போனால் பொதுவாகச் சுழன்றபடி விழ வேண்டியதுதான்.

ப்ரொப்புக்கே வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விட்டம் 24 செ.மீ., நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நுனியின் வேகம் விநாடிக்கு சுமார் 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கி.மீ. ஒரு பக்க இதழின் எடை 5 கிராம், அதன் எடைமையம் அச்சிலிருந்து 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வேரில் விழும் இழுவிசை ஏறக்குறைய 12 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அதுவும் பறக்கும் நேரம் முழுக்க. அந்த இடத்தில்தான் சூப்பர் க்ளூ தடவிக்கொண்டு வருகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பார்க்கும் முறை எளிது. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வோர் இதழின் நுனியையும் ஒரு செ.மீ. அளவுக்கு மேலும் கீழும் மெதுவாக வளைத்து, வேரைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு தெரிந்தால் கழற்றிவிடுங்கள். முன்விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள்; தட்டினால் அங்கே நெளிவோ வெட்டோ இருக்கிறது. கார்பன் ப்ரொப் என்றால் நகம் வேண்டாம், சிம்பு ஏறும். பஞ்சை ஓட்டினால் பிளந்த இடத்தில் இழை சிக்கும். மடக்கும் வகையில் ஓர் இதழ் கெட்டாலும் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடை ஒத்துப்போகாது. அந்த வகையில் மடிப்பு ஸ்க்ரூவை இறுக்கித் தள்ளுவதும் தப்பு. இதழ் தானாக விரிந்து நேராக வேண்டும். விறைத்து நின்றால் அதிர்வு கிளம்பும். வலச்சுற்று, இடச்சுற்று ப்ரொப்களை மாற்றி மாட்டினால் கிளம்பிய நொடியில் கவிழும். அதற்காகத்தான் ப்ரொப்பிலும் மோட்டாரிலும் அடையாளம் போட்டு அனுப்புகிறார்கள்.

அடுத்து மோட்டார். ப்ரொப்பைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். விட்டு விட்டுத் தட்டுவது காந்தத்தின் இழுப்பு, அது இயல்பு. மணல் அரைபடுவது போல நறநறத்தால் பேரிங் போய்விட்டது, அல்லது உள்ளே மண்ணோ இரும்புத்தூளோ ஒட்டியிருக்கிறது. நான்கையும் வரிசையாகச் சுற்றிப் பார்த்தால் வித்தியாசப்படுவது எது என்று விரலுக்கே தெரியும். மோட்டாரின் தொப்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்றால் அது பறக்கத் தகுதியில்லை.

மோட்டார் ஸ்க்ரூவுக்கு நீல நிறத் த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். உலோகத்தில் உலோகம் ஏறும் இடத்துக்கு மட்டும்! பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் அதுவே விரிசலை உண்டாக்கும். “ஸ்க்ரூ கழலக் கூடாதுன்னு போட்டேன்” என்று கொண்டுவரும் ட்ரோன் கைகளில் ஸ்க்ரூ பத்திரமாக இருக்கும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் பொடிந்திருக்கும். இறுக்கிய பிறகு ஸ்க்ரூ தலையிலிருந்து உடலுக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பேட்டரியைப் பற்றி எத்தனை தடவைதான் சொல்வது? சதவீதம் என்பது ஊகம், வோல்ட்டேஜ்தான் உண்மைக்குப் பக்கம். சாதாரண லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். சும்மா வைக்க வேண்டுமானால் 3.8 வாக்கில் வையுங்கள். பறக்கும்போது செல் 3.5-ஐ நெருங்கினால் இறங்கும் வழியைப் பாருங்கள், 3.0-க்குக் கீழே போனால் செல் நிரந்தரமாகக் கெடும். முழு சார்ஜ் ஏற்றி அடுத்த மாதத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைப்பதுதான் பேட்டரியைச் சாகடிக்கும் சுலபமான வழி. பல வாரம் கிடந்த பேட்டரி 60 சதவீதம் காட்டுகிறதே என்று அப்படியே பறக்காதீர்கள், முழுசாக ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். செல்களுக்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் நிலைத்து நின்றால் அதற்கு ஓய்வு கொடுங்கள். குளிரில் உள்தடை கூடும். நன்றாக இருக்கும் பேட்டரியிலும் த்ராட்டில் கொடுத்ததும் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். அதனால் 20 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக்கிவிட்டு மாட்டுங்கள்.

உப்பல் இருக்கிறதா என்று பார்க்கத் தட்டையான மேசையில் வைத்து ஒரு முனையை அழுத்துங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது. உப்பிய பேட்டரி உள்ளே சரியாக உட்காராது, பாதி வழியில் பூட்டு விட்டுக் கழன்று விழலாம். அழுத்திச் சரிசெய்வதோ ஊசியால் குத்திக் காற்றை எடுப்பதோ தீ வைத்துக்கொள்வதற்குச் சமம்.

காம்பஸை ஒவ்வொரு முறையும் கேலிப்ரேட் செய்யும் பழக்கம் வேண்டாம். இடம் வெகுதூரம் மாறினாலோ ஆப் கேட்டாலோ செய்யுங்கள். அப்போதும் கார், இரும்புக் கதவு, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இவற்றை விட்டு விலகி நில்லுங்கள். கான்கிரீட் மேல் நின்று தப்பாகக் கற்றுக்கொடுத்தால் அது வானத்திலும் தப்பாகவே நடக்கும்.

ஆர்டுபைலட் என்ற ஃப்ளைட் கண்ட்ரோலர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் பறப்புப் பதிவான லாகைத் திறந்து அதிர்வைப் பாருங்கள். 30 மீ/வி²-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, 60-ஐத் தாண்டினால் உயரத்தையோ இடத்தையோ பிடித்து நிற்பதில் அநேகமாகச் சிக்கல்தான். போன மாதத்து லாகும் கையில் இருந்தால் எண் ஏறிக்கொண்டே வருவது தெரியும். அந்த ஏற்றம்தான் முக்கியம்.

மேசையில் வைத்து ஃபர்ம்வேர் ஏற்றுகிறீர்களா, மோட்டார் சோதனையா? ப்ரொப்பைக் கழற்றுங்கள். “ஒரு நிமிஷ வேலைதானே” என்பவர்களின் விரல்தான் தையலுக்குப் போகிறது.

கிளம்பியதும் இரண்டு மீட்டர் உயரத்தில் அரை நிமிடம் நிறுத்துங்கள். முன், பின், இடம், வலம், திருப்பம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, சத்தத்தைக் கேளுங்கள். இறங்கி அணைத்ததும் நான்கு மோட்டார்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று சுடவும் செய்தால் அடுத்த பேட்டரியை மாட்டாதீர்கள்.

கழற்றிய கெட்ட ப்ரொப்பைப் பெட்டியில் திரும்பப் போட்டுவைக்காமல் அங்கேயே கட்டிங் பிளேயரால் இரண்டாக வெட்டிவிடுங்கள். ஸ்பேர் தீர்ந்துபோன ஒரு நாளில் அதைத்தான் தேடி எடுத்து மாட்டுவீர்கள்.