தள்ளினால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்

குளச்சலில் என் மாமாவிடம் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. நாலு பேர் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தால் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகும். காயில், எஞ்சினுக்குள் பொறி வைக்கும் பிளக் எல்லாம் புதிதாகப் போட்டார். அடுத்த மழைக்கு மறுபடியும் தள்ளல்தான்.

பிளக் நுனியில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் சிலிண்டருக்குள் அழுந்திக் கிடக்கும் காற்றையும் பெட்ரோலையும் கிழித்துக்கொண்டு பொறி அதைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். பாட்டரியில் இருப்பதோ 12. அதை ஏற்றித் தருவதுதான் காயில். அதற்குள் தடித்த கம்பி சில நூறு சுற்று, மயிரிழைக் கம்பி பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை காந்தப்புலம் இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து கரண்டை வெட்டியதும் புலம் சரியும். அந்தச் சரிவில் மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்கூட எழும்பும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்தூண்டல்தான் இது. வெட்டு சட்டென்று விழ வேண்டும். பாயிண்ட் வாயிலேயே பொறி பறந்தால் புலம் மெதுவாகச் சரிந்து, பிளக்குக்குப் போகும் பொறி நோஞ்சானாகிவிடும். அதைத் தடுக்கத்தான் பாயிண்டோடு சேர்த்து மாட்டிய, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர். பாயிண்ட் அடிக்கடி கருகினால் அதைச் சந்தேகப்படுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பது ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும்.

மாமா கடைசியில் தக்கலையிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார். அவர் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த வயரின் முனையை உருவி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் எஞ்சின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். (வெறுங்கையால் பிடித்தால் தூக்கிப் போடும். பக்கத்தில் பெட்ரோல் கசிவும் இருக்கக் கூடாது.) பளிச்சென்று நீலப் பொறி. "கரண்ட் நல்லா வருது மக்களே. போற வழியிலதான் ஒழுகுது" என்றார்.

வயரை மாட்டிவிட்டு, இருட்டியதும் பானெட்டைத் திறந்து மறுபடி செல்ஃப் அடித்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீல நூல்கள் ஊர்ந்தன. கடற்காற்று கொண்டுவந்து பூசிய உப்புப் படலம்தான் அவற்றுக்குப் பாதை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். 12 வோல்ட்டுக்கு அந்த ஈரம் ஒரு பொருட்டே இல்லை. ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு அது ராஜபாட்டை.

அப்படியானால் தள்ளும்போது மட்டும் எப்படிப் பிடிக்கிறது? செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சுவதால் பாட்டரி பத்து வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். காயிலுக்குக் கிடைப்பது அந்த மிச்சம்தான். அதிலும் பாதி மூடியில் ஒழுகினால் பிளக்குக்கு என்ன போகும்? தள்ளும்போது பாட்டரிக்கு அந்தச் சுமை இல்லை. ஒழுகியது போக மிஞ்சுவதே பொறிக்குப் போதும்.

மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினோம். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் பழைய கதை. இந்தமுறை உள்பக்கத்தில் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கருங்கோடு தெரிந்தது. பொறி ஊர்ந்து ஊர்ந்து பிளாஸ்டிக்கைக் கருக்கிய தடம். கரி மின்சாரத்தைக் கடத்தும், கழுவினால் போகாது. மூடியை மாற்றினோம். மாமாவின் டேஷ்போர்டில் இப்போது ஒரு பழைய வேட்டித் துண்டு கிடக்கிறது, மூடி துடைக்க.