டீடாக்ஸ்: நச்சு நீக்கமா, நோன்பா?

"டீடாக்ஸ்ல இருக்கேன், அவசரம்னா கால் பண்ணுங்க." இப்படி ஒரு ஸ்டோரி போட்டுவிட்டு இன்ஸ்டாகிராமை விட்டுக் கிளம்புவது கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன விஷயம். அந்த ஸ்டோரியை யார் யார் பார்த்தார்கள் என்று அரை மணி நேரத்தில் திரும்பி வந்து பார்ப்பவர்களும் உண்டு. சமூக ஊடகத்திலிருந்து சில நாள் விலகி இருப்பதற்குத்தான் இந்தப் பெயர்.

சொல்லின் வேர் கிரேக்கம். அங்கே 'தோக்சோன்' என்றால் வில். அம்பு முனையில் தடவும் நஞ்சுக்கு அதிலிருந்து பெயர் பிறந்தது. லத்தீனுக்குப் போனபோது வில் மறைந்து நஞ்சு மட்டும் நின்றது. 'நீக்கு' என்ற பொருளில் 'டி' முன்னால் ஒட்டிக்கொண்டது. மது, போதையிலிருந்து மீட்கும் சிகிச்சையை மருத்துவர்கள் இப்படி அழைத்தார்கள். அப்புறம் ஜூஸ் விற்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'டிஜிட்டல் டீடாக்ஸ்' 2013இல் ஆக்ஸ்போர்டின் இணைய அகராதியில் ஏறியது, 'செல்ஃபி'யோடு சேர்ந்தே.

நேர்த் தமிழ் 'நச்சு நீக்கம்'. மருத்துவத்துக்குச் சரி, போனுக்கு ஒட்டவில்லை. நஞ்சை வெளியேற்றியவர் அதை மறுபடி தேடிப் போவதில்லை. இங்கே எல்லாரும் திரும்பி வரத்தான் போகிறார்கள். என் தேர்வு 'ஊடக நோன்பு'. நோன்றல் என்றால் பொறுத்துக்கொள்ளுதல். 'உற்றநோய் நோன்றல்' என்கிறது குறள் (261). செயலியை நீக்கிய பிறகும் அது இருந்த இடத்துக்கே கட்டைவிரல் போகும் முதல் இரண்டு நாளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

முழுக்க விடாமல் குறைத்துக்கொள்வதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: ஒருபொழுது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வு அந்த வகைதான். ஒரு பிரிவினருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றிலும் நாளுக்குத் தலா 10 நிமிடம் மட்டுமே. மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

2025இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில் 18 முதல் 24 வயதுக்காரர்கள் ஒரு வாரம் விலகி இருந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை மூன்றும் தணிந்தன; தனிமை உணர்வு மட்டும் அசையவில்லை. விரும்பி முன்வந்தவர்களை வைத்துச் செய்தது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அதனால் பலன் முழுவதையும் விலகலின் கணக்கில் எழுதிவிட முடியாது. இன்னொன்று, அந்த வாரம் அவர்கள் மொத்தமாகப் போன் பார்த்த நேரம் குறையவே இல்லை. ஆகவே எதை விடுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்: இன்ஸ்டா நோன்பு, ரீல்ஸ் நோன்பு.