அம்பது கிலோவ தாங்குற சின்ன விளிம்பு

வீட்ல எலிப்பொறி இருந்தா கம்பிய இழுத்து மாட்டுற இடத்த ஒரு தடவ கிட்டக்க பாருங்க. அவ்ளோ பெரிய ஸ்பிரிங்கோட மொத்த வேகத்தையும் ஒரு துண்டு கம்பியோட நுனி மட்டும் தொட்டும் தொடாம நின்னு புடிச்சிட்டிருக்கும், எலி வந்து கருவாட்ட லேசா நகத்துனா நுனி வழுக்கும், மிச்சத்த ஸ்பிரிங்கே பாத்துக்கும். துப்பாக்கி டிரிகரும் இதேதான். நம்ம பழைய ஆளுங்க இத குதிரைன்னு சொல்வாங்க, வீணைல தந்திய தாங்குற கட்டைக்கும் அதே பேருதான்.

அமெரிக்கால ரைபிள் வாங்குற நெறைய பேரு கூடவே வந்த டிரிகர கழட்டிட்டு வேற கம்பெனி டிரிகர் செட்ட வாங்கி வீட்லயே மாட்டிக்குவாங்க, நம்ம பசங்க பைக்குல சைலன்சர் மாத்துற மாதிரி. அதுல அப்படி என்ன இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. எம்16 மாதிரி ராணுவ ரைபிள் டிரிகர இழுக்க இரண்டரை கிலோவுல இருந்து நாலு கிலோவுக்கு மேல கூட விசை வேணும், துப்பாக்கியோட எடையே நாலு கிலோ பக்கம்தான், அதுல மூணு கிலோ விசைய ஒரே விரல்ல குடுத்தா குறி ஆடாம என்ன பண்ணும்? அதான் மாத்துறாங்க. ஆனா டிரிகர் லேசாகுறதுக்கு உள்ள என்ன மாறணும்ங்கறதுதான் சுவாரசியமான விஷயம்.

ஸ்பிரிங்கால காத்த அமுக்கி குண்ட தள்ளுற ஏர் ரைபிள எடுத்துக்குவோம், அதான் கணக்கு போட ஈசி. குழல மடக்கி லோடு பண்ணும்போது உள்ள ஒரு பிஸ்டன் பின்னாடி போய் ஸ்பிரிங்க அமுக்கும், அமுங்குன ஸ்பிரிங் தோராயமா ஒரு அம்பது கிலோ விசையோட முன்னாடி பாயத் துடிச்சிட்டிருக்கும். அத புடிச்சு நிறுத்துறது சியர்னு ஒரு எஃகுத் துண்டு. பிஸ்டனும் சியரும் ஒண்ணோட ஒண்ணு மாட்டியிருக்குற விளிம்பு பல டிரிகர்ல ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. நாம விரல்ல இழுக்கும்போது பண்றது என்னன்னா அந்த விளிம்ப வழுக்க விடுறோம், அவ்ளோதான். அம்பது கிலோவோட நாம நேருக்கு நேரா மோதுறதே இல்ல, அதுல வர்ற உராய்வோட மட்டும்தான் மோதுறோம்.

எண்ணெய் போட்ட வழுவழு எஃகுல உராய்வு பத்துல ஒரு பங்குன்னு வைங்க, அம்பது கிலோ அஞ்சு கிலோ ஆயிருச்சு. நடுவுல அஞ்சுக்கு ஒண்ணுன்னு ஒரு லீவர் இருந்தா விரலுக்கு வர்றது வெறும் ஒரு கிலோ. இப்ப அதே விளிம்பு காஞ்சு போய் சொரசொரன்னு இருக்குன்னு வைங்க, உராய்வு பாதி அளவுக்கு ஏறிரும், விரலுக்கு அஞ்சு கிலோ! ஸ்பிரிங்கும் அதேதான், லீவரும் அதேதான். காசு அதிகமான டிரிகர்ல நாம காசு குடுக்குறது பெரும்பாலும் அந்த விளிம்ப எவ்ளோ சுத்தமா அறுத்து, கடினமாக்கி, பாலிஷ் போட்டிருக்காங்கங்கறதுக்குத்தான்.

விளிம்போட சாய்வுன்னு ஒண்ணு இருக்கு. லேசா உள்பக்கமா சாஞ்சிருந்தா அதிர்ச்சில கொஞ்சம் நகந்தாலும் ஸ்பிரிங்கே அத திரும்ப உள்ள இழுத்துக்கும், ஆனா விரலுக்கு கனமா இருக்கும். வெளிப்பக்கமா சாஞ்சா விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனா எந்நேரமும் ஸ்பிரிங் அத வெளிய தள்ளிட்டே இருக்கும், உராய்வு மட்டும்தான் காவல். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது கண்ணுக்குத் தெரியாத கோண வித்தியாசம், வீட்ல அரம் வச்சு தேய்க்கிறவங்கள நெனச்சா எனக்கு வயித்த கலக்கும்.

2014 ஏப்ரல்ல ரெமிங்டன்ங்கற அமெரிக்க துப்பாக்கி கம்பெனி 2006 மே மாசத்துல இருந்து செஞ்ச 700 மாடல் ரைபிள்கள்ல எக்ஸ் மார்க் ப்ரோங்கற டிரிகர் இருக்குறத எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லுச்சு. காரணம் என்ன தெரியுமா, அசெம்பிளி பண்ணும்போது பூசுன பசை கொஞ்சம் அதிகமாயிருந்துச்சு, சில சமயம் தொடாமலே சுட்டுரும்னு பயம். பசைங்க! ஃபேக்டரிலயே அந்த நெலம.

கீழ விழுந்தா என்ன ஆகும்னும் பாக்கணும். டிரிகர் இதழு, அதாவது விரல் படுற துண்டு, பத்து கிராம் எடைன்னு வைங்க, இழுக்க நூறு கிராம் விசை போதும்னு லேசா வச்சிருக்கீங்க. துப்பாக்கி தரைல மோதும்போது புவியீர்ப்ப விட பத்து மடங்கு அதிர்ச்சி இதழோட திசைலயே வந்தா பத்து கிராம் இதழே நூறு கிராம் மாதிரி நடந்துக்கும், தன்னத் தானே இழுத்துக்கும். சிமெண்டு தரைல விழுந்தா பத்து மடங்கெல்லாம் சும்மா, அதுக்கு மேலயே வரும். சேஃப்டி பூட்டு போட்டிருக்கேனேன்னு சொல்லலாம், பல துப்பாக்கில சேஃப்டி டிரிகர் இதழ மட்டும்தான் புடிக்கும், உள்ள சியர் வழுக்குனா அதுக்கு ஒண்ணும் தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு ரெண்டு கட்ட டிரிகர் நல்ல வழி. சும்மா இருக்கும்போது விளிம்பு நல்லா ஆழமா மாட்டியிருக்கும். விரல் முதல்ல கொஞ்ச தூரம் லேசா இழுக்குதுல்ல, அப்பதான் அந்த ஆழத்துல முக்காவாசி குறையும், அப்புறம் ஒரு சுவர் மாதிரி தட்டும், அங்க நின்னு மூச்ச அடக்கி குறி பாத்துட்டு அதுக்கு மேல ஒரு நூலிழை அழுத்துனா போதும். கைல எடுத்து இழுத்துப் பாத்தாதான் அந்தத் தட்டுறது புரியும், எழுத்துல சொல்ல வரமாட்டேங்குது.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டில பெரும்பாலும் இந்த மாதிரி டிரிகர்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், அபினவ் பிந்த்ரா 2008ல பெய்ஜிங்ல தங்கம் வாங்குனதும் நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் சுடுறதும் இதே புள்ளியத்தான், இதயம் துடிக்கிறதே குழல் நுனில தெரியுற ஆட்டம் இது. ரைபிளுக்கு டிரிகர இழுக்குற விசைல கீழ் வரம்பே கிடையாது, ஆனா ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் கண்டிப்பா இருக்கணும். போட்டிக்கு முன்னாடி குழல செங்குத்தா வச்சு டிரிகர்ல 500 கிராம் எடைய மாட்டி மேஜைல இருந்து மெதுவா தூக்குவாங்க. எடை மேல எழும்பி தொங்குனா சரி. டிரிகர் விடுபட்டு டிக்குன்னு சத்தம் வந்துச்சுன்னா மறுபடி, மொத்தம் மூணு தடவதான் சான்ஸ், அதுலயும் தாங்கலன்னா போய் டிரிகர சரி பண்ணிட்டு வரணும்.