கரும்பலகை தெரியாத பிள்ளையும் காதோரத்துப் புண்ணும்

களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் போன கோடையில் என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 42. தலைமுடி, புருவம், இமை எல்லாம் வைக்கோல் நிறம். ஊரில் அவருக்கு ‘வெள்ளைக்காரன்’ என்றுதான் பெயர். தலைத்துண்டை அவிழ்த்தபோது இடது காதின் மேல்விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண் தெரிந்தது. மேலே பொருக்கு, சுற்றிலும் தடித்த ஓரம். பத்து மாதமாக இருக்கிறதாம். வேப்பெண்ணெய் தடவியிருக்கிறார், மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு போட்டிருக்கிறார். பொருக்கு உதிரும்போதெல்லாம் ஆறிவிட்டது என்று நம்பியிருக்கிறார். “வலி இல்லை டாக்டரம்மா, அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டேன்” என்றார்.

சதை எடுத்துப் பரிசோதித்ததில் செதிள் செல் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அவருக்கு இருப்பது அல்பினிசம், அதாவது பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி இல்லாத அல்லது குறைந்த நிலை. அது உள்ளவர்களுக்கு அதிகம் வரும் தோல் புற்றுநோய் இதுதான்.

மெலனின் என்கிற நிறமி நம் தோலுக்குள்ளேயே விரித்து வைத்த குடை. வெயிலின் புற ஊதாக் கதிர்களை அது தடுத்துக்கொள்கிறது. அல்பினிசத்தில் அந்த நிறமியை உண்டாக்கும் செல்கள் இருக்கும்; மரபணுக் குறையால் நிறமி மட்டும் உருவாகாது, அல்லது மிகக் கொஞ்சமாக உருவாகும். தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள் கட்டும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே குறை இருப்பது எளிது. கிரகணத்தில் வெளியே போனாள், அதைத் தின்றாள், இதைத் தின்றாள் என்று பெற்றவளைக் குறை சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இது தொற்றாது, தொழுநோயும் இல்லை, வெண்புள்ளியும் இல்லை.

மெலனின் கண்ணுக்கும் வேண்டும். அது இல்லாததால் விழித்திரையின் நடுப்பகுதி முழுதாக வளர்வதில்லை. விழி ஆடும், வெளிச்சம் கூசும், கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாது. இந்த அண்ணாச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை. படிப்பு ஏறாத பையன் என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆடு மேய்த்தார், வளர்ந்ததும் வாழைக்கு மண் அணைத்தார். முப்பது வருட வெயில். அவருடைய புற்றுநோய் அந்த வகுப்பறையில் தொடங்கியது என்றே நான் சொல்வேன். கண் கெட்டதால் படிப்பு போனது, படிப்பு போனதால் வெயில் வேலை, வெயிலால் புண். இந்தச் சங்கிலியை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

வீட்டில் இருப்பவர்களும் தப்புவதில்லை. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா பீடி சுற்றுகிறார். இலை கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, சுளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் வெளிச்சம் விழும் ஓரமாகப் பார்த்து உட்காருவார். முன்கை இரண்டிலும் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரத்துக் கிடக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தடவினால் தெரியும். புற்றுக்கு முந்தைய நிலை அது. அந்தக் கட்டத்திலேயே உறையவைத்தோ மருந்து தடவியோ அகற்றிவிடலாம்.

மருந்து என்று நான் முதலில் எழுதிக்கொடுப்பது துணியும் நிழலும். சன்ஸ்கிரீன் நல்லதுதான், எஸ்.பி.எஃப். என்கிற வெயில் காப்பு அளவு 30க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாராளமாகப் பூச வேண்டும். அப்படிப் பூசினால் ஒரு டியூப் எத்தனை நாள் வரும்? கூலி வேலைக்காரர் எத்தனை டியூப் வாங்குவார்? அதனால் முழுக்கைச் சட்டை, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி, சுற்றிலும் அகல விளிம்புள்ள தொப்பி. தலைத்துண்டு உச்சியை மறைக்கும். காதையும் பிடரியையும் வெயிலுக்குக் கொடுத்துவிடும். வியர்வையில் நனைந்த மெல்லிய வெள்ளைச் சட்டை கதிரை உள்ளே விட்டுவிடும். காலை பத்திலிருந்து பிற்பகல் நான்கு வரை வெளிவேலையைத் தவிர்க்க முடிந்தால் அதுவே பெரிய காப்பு.

ஜூன் 13 அல்பினிசம் விழிப்புணர்வு நாள், ஐ.நா. அறிவிப்பின்படி 2015 முதல் கடைப்பிடிக்கிறார்கள். நமக்கு அது சாரல் தொடங்கும் சமயம். தென்காசியில் வெயிலே இல்லையே என்று தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும்.

ஒரு மாதத்தில் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் பொருக்கு, கீழுதட்டில் ஆறாத வெடிப்பு, திடீரென்று வளரும் இளஞ்சிவப்புக் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மச்சம் கறுக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது; வழக்கமாகக் கறுப்பாக வரும் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்கூட நிறமி இல்லாத தோலில் கறுப்பே இல்லாமல் வரலாம். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பயம் நம் பக்கம் ஆழமாக இருக்கிறது. அது உண்மையில்லை. சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும். காத்திருந்தால் கழுத்து நெறிக்கட்டுகளுக்கு இறங்கும்.

அண்ணாச்சிக்குக் காதின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. நெறிக்கட்டில் எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது உச்சி முதல் பாதம் வரை காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன தடவை தங்கை பேத்தியையும் கூட்டிவந்திருந்தார். ஏழு வயது, அதே வைக்கோல் முடி. “வகுப்பில் எங்கே உட்காருகிறாய்?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சு என்றாள். கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். பார்வையை அளந்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: முதல் பெஞ்சு வேண்டும், பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடம் வேண்டும், காலை இறைவணக்கத்தில் தொப்பியோடு நிற்க அனுமதிக்க வேண்டும். வேப்பமரத்து நிழலிலேயே நிற்கவைக்கிறோம் என்று பதில் வந்தது.