பென்ட்ரைவில் ஐஎஸ்ஓவைப் போட்டும் லினக்ஸ் ஏன் வரவில்லை?

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி போன கிழமை கல்லடியில் என் வீட்டுக்கு வந்தான். தோளில் லெப்டொப் பை, கையில் 16 ஜிபி பென்ட்ரைவ். "அண்ணன், இராக்கால டேட்டாவில ரெண்டு இரவு முழிச்சிருந்து லினக்ஸ் மின்ட் இறக்கினன். பென்ட்ரைவில கொப்பி பண்ணிப் போட்டன். மறுகா ஓன் பண்ணினா பழையபடி விண்டோஸ்தான் வருது" என்றான். (மின்ட், உபுண்டு எல்லாம் விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் லினக்ஸ் வகைகள்.) செருகிப் பார்த்தேன், ஏறத்தாழ 3 ஜிபி அளவில் ஒரேயொரு ஐஎஸ்ஓ கோப்பு உள்ளே இருந்தது. கோப்பிலும் குறையில்லை, பென்ட்ரைவிலும் குறையில்லை. ஆனால் அப்படியே நூறு தடவை ஓன் பண்ணினாலும் லினக்ஸ் வரப்போவதில்லை.

அவனுடைய லெப்டொப் இன்டெல் 6ஆம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துபோனது, அந்தப் புரொசசரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலிலும் சேர்க்கவில்லை. நல்ல லெப்டொப், இன்னும் நாலைந்து வருடம் ஓடும். கம்பஸ் வேலைக்கு விண்டோஸ் இருக்கவும் வேண்டும், பக்கத்தில் லினக்ஸும் வேண்டும். கூடவே அவன் மனதில் ஒரு பயம்: படங்கள், நோட்ஸ் எல்லாம் போய்விடுமோ என்று. அவனுடைய நண்பன் ஒருவன் ஒரு கடையில் லெப்டொப்பைக் கொடுத்து, திரும்பி வாங்கும்போது லினக்ஸ் மட்டும் இருந்ததாம்.

அந்தப் பயத்துக்கு நான் சொல்லும் மருந்து ஒரே கேள்விதான்: இப்போது செய்யும் வேலை எந்த டிஸ்க்கைத் தொடுகிறது? ஒவ்வொரு கட்டத்திலும் இதைக் கேட்டுக்கொண்டே போனால் போதும். பதில் தெரிய வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னச் சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வெயர்தான் முதலில் கண் விழிக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்த லெப்டொப்புகளில் அது யூஈஎஃப்ஐ வகை, அதற்கு முந்தியவற்றில் பயோஸ். யூஈஎஃப்ஐக்கு ஃபேட் வகைக் கோப்பு முறைமையை வாசிக்கத் தெரியும். ஒரு பென்ட்ரைவைச் செருகி அதிலிருந்து பூட் பண்ணச் சொன்னால், அதாவது கணினியைத் தொடங்கச் சொன்னால், அது 'ஈஎஃப்ஐ' என்ற ஃபோல்டருக்குள் 'பூட்' என்ற ஃபோல்டரைத் திறந்து 'பூட்எக்ஸ்64' என்ற கோப்பைத் தேடுகிறது. இருந்தால் ஓட்டும். இல்லாவிட்டால் அடுத்த டிஸ்க்குக்குப் போய்விடும்.

இப்போது தம்பியின் பென்ட்ரைவைப் பாருங்கள். ஃபர்ம்வெயர் வந்து எட்டிப் பார்க்கிறது, அந்த ஃபோல்டர் இல்லை, ஒரு பெரிய ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் கிடக்கிறது. அது தேடும் கோப்பு அந்த ஐஎஸ்ஓவுக்குள்ளேதான் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஐஎஸ்ஓவைப் பிரித்து உள்ளே பார்க்க ஃபர்ம்வெயருக்குத் தெரியாது. பூட்டிய அலுமாரிக்குள் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு வாசலில் நிற்பது மாதிரி. (உபுண்டு 24.04 இறக்கியிருந்தால் கொப்பி பண்ணவே முடியாமல் போயிருக்கும். அது கிட்டத்தட்ட 6 ஜிபி, ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.)

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் அச்சுப்பிரதி. முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை ஒரு டிஸ்க் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே ஒரு கோப்பாகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் இது சீடிக்காக வந்த முறை, ஐஎஸ்ஓ 9660 என்ற தரம் 1988இல் வெளியானது, சீடியிலிருந்து பூட் பண்ணும் எல் டொரிட்டோ முறை 1995இல் வந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 9660 தரத்தை எழுதியவர்கள் டிஸ்க்கின் தொடக்கத்தில் 16 செக்டர், அதாவது 32 கிலோபைட் இடத்தை யாரும் எதற்கும் பயன்படுத்தாமல் வெறுமையாக விட்டுவைத்தார்கள். சீடி அதைச் சட்டை செய்வதில்லை. பிறகு வந்த லினக்ஸ்காரர்கள் அந்த வெற்றிடத்துக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குரிய பார்ட்டிஷன் அட்டவணையையும் (டிஸ்க்கை எப்படிப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறது என்ற பட்டியல்) பூட் கோடையும் எழுதி வைத்தார்கள். அதனால் அதே ஐஎஸ்ஓவைச் சீடியில் எழுதினால் சீடி, பென்ட்ரைவில் எழுதினால் ஹார்ட் டிஸ்க். ஒரே கோப்பு, இரண்டு முகம். இதைத்தான் ஐஎஸ்ஓஹைபிரிட் என்கிறார்கள்.

ஆகவே ஐஎஸ்ஓவைப் பென்ட்ரைவுக்குள் வைப்பது வேறு, பென்ட்ரைவின் மேல் எழுதுவது வேறு. பலேனா எட்சர் போன்ற செயலிகள் செய்வது இரண்டாவதை: பென்ட்ரைவின் முதல் பைட்டிலிருந்து ஐஎஸ்ஓவை அப்படியே பதிக்கின்றன. ரூஃபஸில் இரண்டு வழி இருக்கிறது. டிடி முறை இதேதான். ஐஎஸ்ஓ முறை என்றால் பென்ட்ரைவை ஃபேட்32 ஆக்கி, ஐஎஸ்ஓவைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கும், ஃபர்ம்வெயர் தேடும் கோப்பு அப்போது கண்ணுக்கு நேரே நிற்கும். இரண்டும் சரியான வழிதான். வென்டோய் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, அது பென்ட்ரைவில் தன்னுடைய சின்னப் பூட் பகுதியை ஒருமுறை நிறுவிக்கொள்ளும், அதற்குப் பிறகு நீங்கள் தம்பி செய்த மாதிரியே ஐஎஸ்ஓக்களைச் சும்மா கொப்பி பண்ணிப் போடலாம், ஐஎஸ்ஓவைப் பிரித்துப் பார்க்கும் வேலையை வென்டோய் செய்கிறது. நம்மூரில் ஒருவர் இறக்கினால் அது அக்கரைப்பற்று, கல்முனை, ஏறாவூர் என்று கை மாறிக்கொண்டே போவதுதான் வழக்கம், அப்படிப் பலருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு வென்டோய் மிக நல்லது.

எந்த வழியில் போனாலும் பென்ட்ரைவில் முன்பிருந்த எல்லாம் அழியும். லெப்டொப்பின் டிஸ்க் தொடப்படாது, ஒரு நிபந்தனையோடு: எழுதும் முன் செயலி காட்டும் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் நிதானமாக வாசியுங்கள். 16 ஜிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 டிபி என்று இருந்தால் அது கல்யாணப் படங்கள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். தேவையில்லாத யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வது என் பழக்கம்.

எட்சரிலோ டிடி முறையிலோ எழுதி முடித்து, அதே பென்ட்ரைவை விண்டோஸில் திரும்பச் செருகினால் ஒரு பெட்டி வரலாம்: 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று. 16 ஜிபி பென்ட்ரைவ் சில மெகாபைட் மட்டும் காட்டும். பழுதாகிவிட்டது என்று நினைத்து ஃபார்மட்டை அழுத்துபவர்கள் நிறையப் பேர், அழுத்தினால் எழுதியது போச்சு. லினக்ஸ் வடிவில் இருக்கும் பகுதியை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கான்சல் பண்ணிவிட்டு எடுங்கள்.

சரி, எழுதும் முன் ஐஎஸ்ஓ முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும், டவுன்லோட் அறுந்து அறுந்து தொடரும். 3 ஜிபி என்றால் ஏறத்தாழ 2,400 கோடி பிட்டுகள். அத்தனையையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்து 64 எழுத்து நீளத்தில் ஒரு கைரேகை எடுக்கிறது ஷா256. ஒரேயொரு பிட் மாறியிருந்தாலும் கைரேகை அடையாளமே தெரியாதபடி மாறிவிடும், அதனால் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாலே தற்செயலான பிழை தெரிந்துவிடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்று அடித்து ஐஎஸ்ஓவின் பெயரைக் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், அதை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இது அறுந்த டவுன்லோடைப் பிடிப்பதற்கு. வேண்டுமென்றே மாற்றப்பட்ட கோப்பைப் பிடிக்க, கைரேகைப் பட்டியலின் ஜிபிஜி கையொப்பத்தையும் (பட்டியலை உரியவர்கள்தான் வெளியிட்டார்கள் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) பார்க்க வேண்டும். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே ஹேக்கர்கள் நுழைந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளமே மாட்டிக்கொண்டால் அங்கே போட்டிருக்கும் கைரேகையையும் மாற்றிவிடலாம்தானே.

அடுத்து விண்டோஸ் பக்கம் மூன்று வேலை. லெப்டொப்பின் டிஸ்க் தொடப்படுவது இங்கேதான் ஆரம்பம், ஆகவே முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள், சார்ஜரும் போட்டு வையுங்கள்.

முதலாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012இல் விண்டோஸ் 8ஓடு வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, தன் மையப் பகுதியின் நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. சி டிரைவ் இன்னும் திறந்தே இருப்பதாகத்தான் அதன் நினைப்பு. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே போய் எதையாவது மாற்றினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய நினைவோடு எழுதத் தொடங்கிக் கோப்புகளைக் குழப்பிவிடும். அதனால் பவர் ஒப்ஷன்ஸில் போய் அதை நிறுத்துங்கள்.

இரண்டாவது பிட்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பல லெப்டொப்புகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில், உரியவருக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பிடம் இருக்கிறது, பூட் ஆகும் விதம் வழக்கம்போல இருந்தால் மட்டும் அது சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட்டையோ (கையொப்பமில்லாத நிரலை ஃபர்ம்வெயர் ஓட விடாத காவல்) பூட் ஒழுங்கையோ மாற்றிவிட்டீர்கள் என்றால் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது, இதை நான் மிகவும் கவலையோடுதான் சொல்கிறேன். மைக்ரோசொஃப்ட் கணக்கில் போய் அந்த எண்ணை எடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள், பிறகு என்கிரிப்ஷனை அணைத்து, முழுதாக டிகிரிப்ட் ஆகும்வரை காத்திருங்கள். செக்யூர் பூட்டைப் பெரும்பாலும் மாற்றத் தேவையில்லை. உபுண்டு, மின்ட் இரண்டும் மைக்ரோசொஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சின்ன நிரலோடு வருகின்றன, அது இருந்தால் ஃபர்ம்வெயர் உள்ளே விடும்.

மூன்றாவது இடம். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து சி டிரைவில் வலது கிளிக், 'ஷ்ரிங்க் வொல்யூம்'. மெகாபைட்டில் கேட்கும், 40 ஜிபி வேண்டுமென்றால் 40960. மின்டுக்கு ஆகக் குறைந்தது 20 ஜிபி, உபுண்டுவுக்கு 25. அந்த இடத்தை ஃபார்மட் பண்ணாமல் வெறுமையாகவே விடுங்கள். டிஸ்க்கில் 100 ஜிபி காலியாக இருந்தும் 10 ஜிபிதான் சுருக்கலாம் என்று சொன்னால், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது பென்ட்ரைவைச் செருகி, ஓன் பண்ணும்போது பூட் மெனுவுக்கான கீயைத் தட்ட வேண்டும், டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. தம்பியின் திரையில் மின்ட் வந்ததும் அவன் கையை எடுத்துவிட்டான், "அண்ணன், விண்டோஸ் அழிஞ்சிட்டா?" என்று கேட்டான். இல்லை. இது லைவ் நிலை. பென்ட்ரைவில் முழு முறைமையும் சுருக்கிய, வாசிக்க மட்டுமே முடிந்த ஒரு கோப்பாக இருக்கிறது, அதன் மேல் ரேமில் ஒரு மெல்லிய படலம் விரித்திருக்கிறது. நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அந்தப் படலத்தில்தான் பதிகிறது, அணைத்தால் கலைந்துவிடும். நீங்களாக சி டிரைவைத் திறந்து எதையும் எழுதாதவரை லெப்டொப்பின் டிஸ்க் அப்படியே இருக்கும். அவசரப்படாமல் வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று அரை மணித்தியாலம் பாருங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுப் போகலாம்.

டெஸ்க்டொப்பில் இருக்கும் நிறுவியைத் திறந்து, மொழி, கீபோர்ட் எல்லாம் தாண்டி வரும் ஒரு திரையில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. 'இரேஸ் டிஸ்க்' (டிஸ்க்கை முழுதாக அழி) என்று ஒரு தெரிவு, 'இன்ஸ்டோல் அலோங்சைட்' (பக்கத்தில் நிறுவு) என்று இன்னொரு தெரிவு. கடையில் கொடுத்த லெப்டொப்புக்கு நடந்ததும் இந்தத் திரையில்தான் நடந்திருக்கும். 'அலோங்சைட்' என்பதில் விண்டோஸ் பெயரும் எழுதியிருக்கும், அது தெரியாவிட்டால் முன்னே போகாதீர்கள், திரும்பிப் போய் ஏன் தெரியவில்லை என்று பாருங்கள்.

பழைய பயோஸ் காலத்தில் இரண்டையும் ஒன்றாக வைப்பது உண்மையிலேயே சிக்கல்தான். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பூட் கோடுக்கு 446 பைட் மட்டும் இடம், கடைசியாக எழுதியவர் முன்னவரை அழித்துவிடுவார். யூஈஎஃப்ஐயில் அதற்கென்றே ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கிறது, அதில் மைக்ரோசொஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். ஒரே வளவில் அண்ணன் தம்பி ஆளுக்கொரு வீடு கட்டியிருப்பது மாதிரி, ஒருவர் வாசலை மற்றவர் மறிப்பதில்லை.

தம்பி பொழுதுபடும் நேரம் இரண்டும் வேலை செய்யும் லெப்டொப்போடு செங்கலடிக்குப் போனான். அடுத்த நாள் பின்னேரம் ஏழு மணிக்குக் கோல். "அண்ணன், விண்டோஸில மத்தியானம் ஒண்டரை காட்டுது." இது நான் சொல்ல மறந்த விசயம். மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அது காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. இணையத்தில் நேரம் பார்த்துச் சரிசெய்த லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதை அப்படியே நம்ம ஊர் நேரமாகக் காட்டியது. இலங்கை நேரம் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால், அதுதான் அந்த ஐந்தரை மணித்தியாலம். மின்டில் டெர்மினலைத் திறந்து 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டு விண்டோஸுக்குள் போய் நேரத்தை ஒருமுறை சரிசெய்தான். ஏழு பத்து என்று காட்டியது.